ஸ்டேஷன் இல்லாத ஸ்டேஷன் ரோடு

எங்கள் முகவரியில் ஸ்டேஷன் இருந்தது, ஊரில் இல்லை. ஸ்டேஷன் ரோடு, பதினாலாம் நம்பர், ஸ்கெல்பி மார்ஷ். நான் பிறப்பதற்கு முன்பே அந்த ஊர்த் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷன் கட்டடத்தில் இப்போது பழைய சாமான் கடை. பிளாட்பாரம் இருந்த இடத்தில் ரோஜாச் செடி வைத்து, நாலு மேசை போட்டு, டீயும் ஸ்கோனும் விற்கிறார்கள். தெருப் பெயரை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பெயரை நம்பி பிஷப் ஆபீஸ்காரர்கள் என் பிழைப்பில் மண்ணைப் போட்டார்கள்.

நான் மார்னி, ரயில் ஓட்டுகிறவள். ஹல் நகர ரயில் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தபோது பெண்களுக்கென்று தனிக் கழிப்பறைகூட அங்கே கிடையாது. முன்னால் கண்ணாடி, பக்கத்தில் ஹம்பர் ஆறு, கையில் பிடி, பின்னால் முந்நூறு பேர். அந்த இருக்கையில் உட்கார்ந்தால் உலகத்தில் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, சிக்னலுக்கு மட்டும் சொன்னால் போதும். அதைவிட எனக்குப் பிடித்த இடம் எதுவும் கிடையாது. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

என் புருஷன் ஏட்ரியன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தான். ஒரு ஈஸ்டர் சமயத்தில், கடவுள் தன்னைப் பாதிரியாராகக் கூப்பிடுகிறார் என்றான். சரி, கூப்பிட்டால் போ, நான் இருக்கிறேன் என்றேன். அவன் வேலையை விட்டுவிட்டுப் படித்தான். நான் ஓவர்டைம் ஓட்டினேன். அப்போது எனக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. கூப்பிடுவது அவனை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

படிப்பு முடிந்து குருப்பட்டம் வாங்குகிறவர்களை முதலில் ஒரு பெரிய பாதிரியாரிடம் உதவிக் குருவாகப் போடுவார்கள். அதற்கு இடம் பார்த்துக் கொடுக்க பிஷப் ஆபீஸில் ஹம்ஃப்ரி என்று ஒருவர். வெண்ணெய் தடவின குரல். அவர் ஒரு நேரத்தில் ஒரு சேகரத்தைத்தான், அதாவது ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த ஊரையும்தான், காட்டுவார். அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லாமல் அடுத்ததைக் கேட்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது என்ன செருப்புக் கடையா, கடவுளின் அழைப்பாயிற்றே!

முதலில் காட்டின சேகரம் ஹல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எனக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. போனோம், கேக் சாப்பிட்டோம், அந்த ஊர்ப் பாதிரியார் என்னிடம், "நீங்க ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைப் பாத்துப்பீங்கல்ல?" என்று கேட்டார். "ரெண்டு ஞாயிறுக்கு ஒரு ஞாயிறு டூட்டி இருக்குமே" என்றேன். இரண்டு நாளில் ஹம்ஃப்ரியின் போன் வந்தது. பொருத்தம் சரியாக இல்லையாம். யாருக்கும் யாருக்கும் பொருத்தம் என்று அவரும் சொல்லவில்லை, ஏட்ரியனும் கேட்கவில்லை. ஒரு வாரம் அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே புரிந்துவிட்டது.

அடுத்துத்தான் ஸ்கெல்பி மார்ஷ். போனில் ஹம்ஃப்ரிக்கு ஒரே குஷி. "மார்னி வேலையையும் யோசிச்சுதான் பாத்திருக்கோம் ஏட்ரியன். வீடு ஸ்டேஷன் ரோட்டுலயே இருக்கு!" என்றார். நான் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். லிங்கன்ஷையர் கடலோரச் சதுப்பு நிலம், முட்டைக்கோசு வயல், காற்றாலை. ரயில் கோடு ஒன்றைக்கூடக் காணவில்லை.

"ஏட்ரியன், அங்க ரயிலே கிடையாதுப்பா. அந்த ஆள்கிட்ட சொல்லு."

"நேர்ல போய்ப் பாத்துட்டுச் சொல்லலாம் கண்ணு. ஏற்கெனவே ஒண்ணு தட்டிப் போச்சு. இதையும் தட்டினா, இவங்க அனுசரிச்சுப் போக மாட்டாங்கன்னு பேராயிடும்."

"ரயில் இல்லாத ஊர்ல நான் எதை அனுசரிக்கிறது? முட்டைக்கோசையா?"

போனோம். அங்கே பெரிய பாதிரியார் ஜைல்ஸ் எங்களுக்கு விருந்து வைத்தார். உயரமான ஆள், நல்ல சிரிப்பு, பேசும்போது இரண்டு கையாலும் நம் கையைப் பிடித்துக்கொள்ளும் ரகம். அவர் மனைவி ஃபிலிப்பா ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. ஹம்ஃப்ரியும் வந்திருந்தார். ஆட்டுக்கறியைப் பரிமாறிக்கொண்டே ஜைல்ஸ் என்னிடம் சொன்னார்: "அழைப்பு ஒருத்தருக்கு வராது மார்னி, குடும்பத்துக்கே வரும். எதையாவது விட்டுட்டு வந்தாதான் அது அழைப்பு."

சாப்பிட்டு முடித்ததும் நான் எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவி, துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் சாப்பிட்ட இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். ஃபிலிப்பா கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"அந்தத் துணியைக் கீழ வை" என்றாள். "முதல் நாள்ல அதை எடுத்தவ கடைசி வரைக்கும் கீழ வைக்க மாட்டா. நான் இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. கோயில் சமையக்கட்டு எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது. அவரு வேலை அவருக்கு, என் வேலை எனக்கு."

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனால் துணியைக் கீழே வைக்கவில்லை, பாதித் தட்டு பாக்கி இருந்தது.

காப்பி வந்தது. ஏட்ரியன், ஜைல்ஸ், ஹம்ஃப்ரி மூன்று பேரும் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் ஹம்ஃப்ரி என் பக்கம் திரும்பினார். இது ஒரு சடங்கு. எல்லா மனைவிகளிடமும் கடைசியில், காப்பிக்கு அப்புறம், கோட்டை எடுப்பதற்கு முன்னால் கேட்பார்கள். "நீங்க சொல்லுங்க மார்னி, உங்களுக்கு சந்தோஷம்தானே?"

மேசைக்கு அடியில் ஏட்ரியனின் முழங்கால் என் முழங்காலைத் தொட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி வைத்திருந்தான்.

"சந்தோஷம்தான்" என்றேன்.

"ரொம்ப நல்லது" என்று ஹம்ஃப்ரி கோட்டை எடுத்துக்கொண்டார்.

வேலையை விடுகிறேன் என்றதும் டிப்போ மேலாளர் டெரி தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏம்மா, உனக்குப் பைத்தியமா? ஒரு மணி நேரத் தொலைவுக்குள்ள குடியிருக்கணும்னு விதி இருக்கு. அங்கேருந்து நீ காலையில நாலு மணி வண்டிக்கு எப்படி வருவ, படகுலயா?" ரயில் ஓட்டுகிறவர்கள் கொஞ்ச காலம் ஓட்டாமல் இருந்தால், தெரிந்த பாதைகூடத் தெரியாத பாதையாகக் கணக்கில் எழுதிவிடுவார்கள். மறுபடி முதலிலிருந்துதான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசி நாள் கூல் ஸ்டேஷன் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். ஆற்றில் தண்ணீர் வற்றிச் சேறு மின்னியது. நான் பயிற்சி கொடுத்த பிரையனி என்ற பெண்தான் அடுத்த டூட்டிக்கு என் கையிலிருந்து வண்டியை வாங்கிக்கொண்டாள். "லூசு அக்கா நீ" என்று அழுதாள்.

ஏட்ரியனைக் குறை சொல்லக் கூடாது, வேலையில் அவன் கெட்டிக்காரன். சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருக்கத் தெரியும் அவனுக்கு. ஊரே அவனைக் கொண்டாடியது. என்னையும்தான் கொண்டாடியது, டீ கெட்டிலைக் கொண்டாடுகிற மாதிரி. முதல் ஞாயிறே கோயில் பெண்கள் என் கையில் ஒரு துணியைக் கொடுத்தார்கள். பூ அலங்காரம், பித்தளை விளக்கு துடைப்பது, ஆராதனை முடிந்ததும் டீ, முதியோர் மதிய உணவு. பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. "உதவிக் குருவோட வீட்டம்மா எங்கே? கெட்டில் கொதிக்குதே!"

வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளி வேன் ஓட்டினேன். பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வயல் நடுவே போகும்போது, பழைய ரயில் பாதையின் மேடு கூடவே வரும். மேலே புல், முயல் வளை. ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏட்ரியனிடம் சொன்னால், "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, வழி பிறக்கும்" என்பான். பொறுத்துக்கொள்வதற்கு அவனுக்கு என்ன, அவன்தான் ஆசைப்பட்ட வேலையில் இருக்கிறானே.

இரண்டாவது வருஷம் நிஜமாகவே வழி பிறந்தது. லிங்கன் நகர ரயில் டிப்போவில் ஆள் எடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஐம்பது நிமிஷம், விதிக்குள் வருகிற தூரம். பரீட்சை எழுதினேன், தேறினேன். செப்டம்பரில் சேரச் சொன்னார்கள். கடிகாரத்தைத் திருப்பி வைத்த மாதிரி பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும், சம்பளமும் பாதிதான். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கு நான் வேனை நிறுத்திவிட்டு அந்த மேட்டின் மேல் ஏறி நின்று கத்தினேன். ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

ஜைல்ஸ் அதைக் கோயிலில் அறிவித்தார். கைதட்டல் ஒன்றும் கேட்கவில்லை. முன் வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "அப்ப டீ யார் போடுவா?" என்று கேட்டது மட்டும் கேட்டது.

ஜூன் மாதம் அதே பிரசங்க மேடையில் நின்று ஜைல்ஸ் இன்னொன்றை அறிவித்தார். அவர் சேகரத்தை விட்டுப் போகிறார். பாத் நகரத்தில் ஒரு பெரிய பள்ளிக்கு ஃபிலிப்பா தலைமையாசிரியை ஆகிறாள். "இத்தனை வருஷம் அவ எனக்காக எவ்வளவோ விட்டுக் கொடுத்தா. இப்ப என் முறை. அங்க எனக்கு என்ன வேலை கிடைக்கும்னு தெரியாது. ஆனா அவளுக்கு இது ஒரு தடவைதான் வரும்" என்றார். கோயில் முழுக்கக் கைக்குட்டை வெளியே வந்தது.

பெரிய பாதிரியார் இல்லாத இடத்தில் உதவிக் குரு இருக்க முடியாது. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், அதுதான் சட்டம். அவர் போனால் எங்களையும் தூக்கி வேறு எங்காவது போடுவார்கள். ஏட்ரியனைப் பார்த்தேன். அவன் பாட்டுப் புத்தகத்தில் மூக்கை வைத்திருந்தான். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று வெளியே வந்து கேட்டேன். "ஈஸ்டருக்கே சொன்னாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னாரு" என்றான். நான் லிங்கன் பரீட்சைக்கு ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்தது ஈஸ்டர் சமயத்தில்தான்.

வழியனுப்பு விருந்து கோயில் கூடத்தில் நடந்தது. நான் சமையலறையில் இருந்தேன், வேறு எங்கே இருப்பேன். சுவருக்கு அந்தப்பக்கம் கோயில் கமிட்டித் தலைவர் பேசியது கேட்டது. "மனைவிக்காகத் தன் சேகரத்தையே தியாகம் பண்றாரு! இந்தக் காலத்துல இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்!" கைதட்டல் ஓயவே இல்லை. தட்டுகள் அலமாரியில் கிடுகிடுத்தன. நான் என் புருஷனுக்காக ஹல்லை விட்டு வந்தபோது ஒரு எலிகூடக் கைதட்டவில்லை.

ஃபிலிப்பா உள்ளே வந்தாள். கோயில் சமையலறைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

"உன் வேலை போச்சா?" என்றாள்.

"போகப் போகுது."

"சாரி மார்னி. மனசாரச் சொல்றேன்."

"எப்படி ஒத்துக்க வெச்சீங்க அவரை? அழைப்பு, விட்டுட்டு வரணும், குடும்பமேன்னு பெருசா பேசினாரே?"

"ஒண்ணும் பண்ணல. இனி முடியாதுன்னேன். அதை நேரா பிஷப்கிட்ட போய்ச் சொல்லுன்னேன். போய்ச் சொன்னாரு." டம்ளரைத் தொட்டியில் வைத்தாள். "நீ என்னிக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்கியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். கத்தியிருக்கிறேன், கேலி பண்ணியிருக்கிறேன், கதவைச் சாத்தியிருக்கிறேன். கேட்க வேண்டியவர்கள் முன்னால் அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னதில்லை. அவள் டம்ளரையும் நானே கழுவி வைத்தேன்.

அடுத்த வாரம் ஹம்ஃப்ரி வீட்டுக்கு வந்தார். புது இடம் தயாராக இருந்தது. தெற்கே, கடைசி மூலையில், ஏழு கிராமம் சேர்ந்த சேகரம். லிங்கனுக்கு ஒன்றேகால் மணி நேரம். "அருமையான வீடு. ஆப்பிள் மரம் ரெண்டு இருக்கு" என்றார். ஏட்ரியன் தலையாட்டினான். டீ குடித்தார்கள், தேதி பேசினார்கள், சாவி பேசினார்கள். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எப்படியும் கடைசியில் என்னிடம் வருவார் என்று தெரியும்.

வந்தார். "நீங்க சொல்லுங்க மார்னி, உங்களுக்கு சந்தோஷம்தானே?"

"இல்லை" என்றேன். "என்னால முடியாது. செப்டம்பர்ல எனக்கு லிங்கன்ல வேலை இருக்கு. விதிப்படி அங்கேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள வீடு வேணும். வேற இடம் பாருங்க."

"ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு ஹம்ஃப்ரி கோட்டை எடுத்தார்.

பொய் இல்லை, சத்தியமாக அப்படித்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவருக்கு வேறு பதில் வந்ததே இல்லை போலிருக்கிறது. காதில் வாங்கவே இல்லை. ஒரு கை கோட்டுக்குள் போன பிறகு எதையோ உணர்ந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, ஏட்ரியனைப் பார்த்தார். நானும் ஏட்ரியனைப் பார்த்தேன். இப்போது சொல்லுடா, ஒரே ஒரு தடவை எனக்காக வாயைத் திற.

ஏட்ரியன் சொன்னான்: "நாங்க பேசிக்கிறோம் ஹம்ஃப்ரி. பாத்துக்கலாம்."

இன்னொரு கையும் கோட்டுக்குள் போயிற்று. ஃபிலிப்பா சொன்ன 'முடியாது' என்பதை ஜைல்ஸ் பிஷப் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். என்னுடையதை என் புருஷன் ஆறிப்போன டீயோடு விழுங்கிவிட்டான்.

ஹம்ஃப்ரியின் கார் போனதும் ஏட்ரியனிடம் சொன்னேன்: "நீ அங்க போ. நான் லிங்கனுக்குப் போறேன்."

"கோவத்துல பேசாதே கண்ணு. பாதிரியார் பொண்டாட்டி தனியா இருந்தா ஊர் என்ன சொல்லும்?"

"என்ன வேணும்னாலும் சொல்லட்டும். நீதான் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவியே, அதுக்கும் ஆட்டு."

லிங்கனில் ஒரு பல்பொருள் கடைக்கு மேலே ஒற்றை அறை எடுத்தேன். பயிற்சி கொடுக்க ஹல்லிலிருந்து மாற்றலாகி வந்திருந்தது யார் தெரியுமா, பிரையனி! நான் ஓட்டக் கற்றுக்கொடுத்த பெண், என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, பிரேக் இன்னும் கொஞ்சம் முன்னாடி" என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் இருந்தது. ஏட்ரியன் திங்கள்கிழமைகளில் வந்தான். சாப்பிடுவோம், ஆப்பிள் கொண்டு வருவான். புதுச் சேகரத்தில் எல்லோரும் தங்கமானவர்கள் என்றான். "என்னைப் பத்தி என்ன சொன்ன?" என்று கேட்டால், "சொல்லியிருக்கேன், புரிஞ்சுக்கிட்டாங்க" என்பான்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மாலை டூட்டி விழுந்தது, காலை சும்மா இருந்தது. சீருடையைப் போட்டு மேலே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன். அவனுக்குச் சொல்லவில்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும் புருஷன் அல்லவா, அவன் பிரசங்கம் கேட்டு நாளாகியிருந்தது. கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாருக்கும் என்னைத் தெரியாது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். ஏட்ரியன் நன்றாகப் பேசினான். எனக்குக் கொஞ்சம் இளகிக்கூட வந்தது.

அப்புறம் ஜெபம். சபைப் பெண் ஒருத்தி எழுந்து முன்னால் போனாள். உலக சமாதானம், அரசர், பிஷப் எல்லாம் ஆனது. பிறகு நோயுற்றிருப்பவர்களுக்காக என்று ஆரம்பித்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள்: "வால்டருக்காக, ஐடாவுக்காக, நம்ம உதவிக் குருவோட மனைவி மார்னிக்காக. சீக்கிரம் குணமாகி அவங்க குடும்பத்தோட வந்து சேரணும் ஆண்டவரே."

"ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்றது சபை. பக்கத்து அம்மா கண்ணை மூடி மனசாரச் சொன்னாள். முன்னால் ஏட்ரியன் மண்டியிட்டிருந்தான். அவன் முதுகு அசையவில்லை.

"பாவம்" என்று அந்த அம்மா என் காதில் சொன்னாள். "எந்நேரமும் படுக்கையாம். அவரு அதைப் பத்திப் பேசவே மாட்டாரு, தங்கமான மனுஷன். தனியாவே எல்லாத்தையும் தாங்கிக்கிறாரு. நாங்க முறை வெச்சு அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்குறோம்."

ஆராதனை முடிந்து எல்லோரும் வரிசையாக வாசலுக்குப் போனார்கள். வாசலில் ஏட்ரியன் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தான். என் முறை வந்தது. நீட்டின கை அப்படியே நின்றது.

"மார்னி" என்றான். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அவங்களா அப்படி நினைச்சுக்கிட்டாங்க கண்ணு. நான் மறுக்கல, அவ்வளவுதான்" என்றான்.

பின்னால் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள். நான் மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழற்றினேன். சீருடை தெரிந்தது. திரும்பி அவளிடம் சொன்னேன்: "நான்தாம்மா மார்னி. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நாலு மணிக்கு ரயில் ஓட்டணும்."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள். பிறகு ஏட்ரியனின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"ஐயோ பாவம்" என்றாள் அவனிடம். "இதைவிட அவங்களுக்கு நோயாவே இருந்திருக்கலாம்."